கடல் பக்கத்துக் குழி

மெதுவா. அந்தக் கல்லப் பிடிக்காத, கைய அறுத்துடும். சொன்னேன்ல? காட்டு இப்படி. அட, தோல்தான் சிராய்ச்சிருக்கு, ஒண்ணும் ஆகல. இத்தன வருஷமா இதுக்குள்ள ஏறி எறங்குற ஆளு, இன்னிக்கு என்னமோ காலைல ப்ளேன்ல வந்து எறங்கின ஆஸ்திரேலியாக்காரன் மாதிரி தடுமாறுற. உக்காரு. அங்க இல்ல, அது சுடும். இந்தப் பக்கம் வா, நிழல் இருக்கு.

பறவை வர இன்னும் நேரம் இருக்குய்யா. சூரியன் எங்க நிக்குதுன்னு பாரு. அதுங்க கடல்லேர்ந்து திரும்பறதுக்குள்ள நான் சொல்ல வேண்டியதச் சொல்லிடறேன். வலையக் கீழ வை. யாரு தூக்கிட்டுப் போகப்போறா? நம்மள விட்டா இங்க இருக்கிறது கல்லுதான். அது எங்கயும் போகாது.

எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்னா? நாளைக்குக் காலைல நில ஆபீஸ்ல கூட்டம் இருக்கே, மறந்துட்டியா? எந்தக் குழி யாருது, நடுவுல இருக்கிற கல்ல வெட்டி எடத்தச் சமன் பண்ணலாமா வேணாமான்னு நம்ம ரெண்டு பேரையும் நிக்கவச்சுக் கேப்பாங்க. நீ அங்க போய்த் தலைய ஆட்டிட்டு நிப்ப. எனக்குத் தெரியும். நீ எந்தப் பக்கம் ஆட்டினேன்னு அவங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள என் ஈரப்பலா போயிடும், எலுமிச்சை போயிடும், நீ பறவை பிடிக்கிற பரண் போயிடும். நம்ம சனிக்கிழமையும் போயிடும். அதனாலதான் இன்னிக்கே பேசி ஒரு முடிவு பண்ணிடலாம்னு நெனச்சேன்.

கீழயே பேசிருக்கலாம், ஆமா. உன் வீட்டு வாசல்ல நின்னு நான் அஞ்சு நிமிஷம் பேசினா என்ன ஆகும்? போற வர்ற மோட்டார் சைக்கிள் எல்லாம் ஹாரன் அடிக்கும். அந்த வண்டி தீவ ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள, லுட்வினாவும் பிலேமோனும் நிலத்துக்காகச் சண்டை போட்டாங்கன்னு ஆயிடும். ரெண்டாவது சுத்துல யாருக்கு மண்டை ஒடஞ்சுதுன்னு சொல்லிட்டிருப்பாங்க. இங்க அந்தத் தொல்லை இல்ல. மேகமே இந்தக் கல்லுச் சூட்டுக்குப் பயந்து ஒதுங்கிப் போவுது, மனுசன் எங்க வரப்போறான்?

அந்த ஃபிஜிக்காரர் முகம் உனக்கு ஞாபகம் இருக்கா? நிலம் அளக்க வந்தாரே, அவர்தான். மூணு காலு மிஷினு வச்சு ஒரு கண்ண மூடிப் பாத்தாரு. மறுபடி பாத்தாரு. கைல இருந்த படத்தத் திருப்பிப் பிடிச்சாரு. அப்புறம் தொப்பியக் கழட்டிட்டு, அம்மா, நீங்க மரம் வச்சிருக்கிற குழி இவரோட அம்மா வழி நிலம், இவரு பரண் கட்டியிருக்கிறது உங்க அம்மா வழி நிலம்னாரு. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு. எனக்குச் சிரிப்பு தாங்கல. நிக்க முடியாம உக்காந்துட்டேன். நீ என்ன பண்ணின? நேரா போய்ப் பரணோட கட்டெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாத்த. அவரு என்கிட்ட வந்து மெதுவா, இவருக்குக் காது கேக்காதான்னு கேட்டாரு.

கேட்டாருய்யா, சத்தியமா. நான், கேக்கும், வாய்தான் கேக்காதுன்னு சொன்னேன்.

சரி, சரி, கோவிச்சுக்காத. தப்பு யாருமேலன்னு பாத்தா எங்கம்மாமேலதான். உங்கம்மாமேலயும். நம்ம நிலம் எங்க இருக்குன்னு கேட்டா எங்கம்மா ஒரே பதில்தான் சொல்லும். கடல் பக்கத்துக் குழி நம்மளுது, உள்பக்கத்துக் குழி எமேயா குலத்துக்காரங்களுது. கீழ ரோட்டோரம் பொறந்து வளந்த பொம்பளை வேற எப்படிச் சொல்லும்? கீழ எல்லாத்துக்கும் கடல் பக்கம், உள்பக்கம்தானே. வீட்டுக்கு வழி கேட்டா அப்படித்தான், நாற்காலியத் தள்ளிப் போடச் சொன்னாலும் அப்படித்தான். எங்கம்மா சாகற வரைக்கும், கடல் பக்கத்துக் கன்னத்துல சோறு ஒட்டியிருக்குடின்னுதான் சொல்லும்.

மேல வந்து நின்னா? எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். நடுத்தீவுல நின்னுகிட்டு கடல் பக்கத்துக் குழி எதுன்னு எவன் சொல்லுவான்? முன்னெல்லாம் ஒரு புன்னை மரம் நின்னுச்சாம், அதுல வெட்டு ஒண்ணு இருந்துச்சாம், அதான் எல்லையாம். உரத்துக்குன்னு மண்ணத் தோண்டி அள்ளின கம்பெனிக்காரங்க மரத்தையும் சேத்து அள்ளிட்டாங்க. எந்த ஊரு வயலுக்கு உரமாப் போச்சோ. மிச்சம் இந்தக் கல்லு எலும்புதான். நான் ஆய்வோ பக்கத்துலேர்ந்து ஏறி வந்தேன், எனக்கு அந்தக் கடல் தெரிஞ்சுது. நீ ஏவா பக்கத்துலேர்ந்து வந்தும் அதே கடலத்தான் பாத்திருக்க, நம்ம அம்மாங்க மனசுல இருந்தது இந்தப் பக்கத்துக் கடல். உங்கம்மாவும் இதேதான் சொல்லிருக்கும், இல்ல? எது நம்மளுதுன்னு சொல்லுச்சு?

உள்பக்கத்துக் குழியா! பாத்தியா. ரெண்டு பொம்பளைங்களும் சரியாத்தான் சொல்லிருக்காங்க.

ஆமா, இதுலதான் இருக்கு கூத்து. எங்க சித்தப்பா பொண்ணு சிரிலா இருக்காளே, அவ நேத்துக் கடைல என்னப் பிடிச்சுகிட்டா. ஏண்டி லுட்வினா, அடுத்தவன் குழிக்கு இத்தன வருஷமா அரிசிப் பைல மண்ணு சுமந்தியே, ஒரு வாட்டியாவது மேல ஏறி நின்னு எந்தக் கடல்னு பாக்கக்கூடாதான்னு கேட்டா. நான் விட்டேனா? நீ பாத்திருந்தா சொல்லிருக்கலாமே, கல்யாணமாகிப் போனதுலேர்ந்து நீ சமையக்கட்டுக்கு மேல ஒசரமா ஏறினதில்லையேன்னேன். சீனாக்காரர் கல்லாப்பெட்டிக்குப் பின்னாடி திரும்பி நின்னு சிரிக்கிறாரு.

ஆனா அவ சொன்னதும் உண்மைதான். மண்ணு சுமந்தேன். பூவாடா ஏரிக்குப் பின்னாடி என் கூட்டாளி ஒருத்தி வீட்ல கருப்பு மண்ணு எடுப்பேன். அரிசிப் பைல கட்டி வண்டில முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. வண்டிய மேட்டுல விட்டுட்டு, அங்கேர்ந்து முதுகுல. எம்புருஷன் ஓபேத் போய்ச் சேந்தப்புறம் வீட்ல எனக்கு ஒக்காரவே முடியல. எம்பையன் பிரிஸ்பேன்லேர்ந்து போன் பண்ணி, அம்மா, வெறும் கல்லுல என்ன இருக்கு, இங்க வந்துடுங்கறான். அவன் பொண்டாட்டி நல்லவதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அங்க போய் என்ன பண்ண? அவங்க ஃபிரிட்ஜுக்குள்ள எட்டிப் பாத்துட்டு இருக்கவா? அதான், நமக்குன்னு ஒரு குழி இருக்கே, அதுல ஒரு மரமாவது நிக்கட்டும்னு ஏறி வந்தேன்.

நீ அதுக்கு முன்னாடியே இங்க வந்துட்ட, இல்ல? எனக்குத் தெரியாது. மொத நாளு பப்பாளிக் கன்னு வச்சுட்டு நிமிர்றேன், கல்லுக்கு அந்தப் பக்கம் ஆலாப் பறவை கத்துது. சரி, கருப்பு ஆலா ஒண்ணு வந்து உக்காந்திருக்கு, செடியக் கொத்திடும்னு ஒரு கல்ல எடுத்து அந்தப் பக்கமா வீசினேன். அங்கேர்ந்து ஏய்னு ஒரு சத்தம்! எனக்கு உயிரே போச்சு. இந்தக் கல்லுக்குள்ள பேய் இருக்குன்னு சின்னப் புள்ளைல சொல்லுவாங்களே, அதுதான்னு நெனச்சுட்டேன். யாருன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஆலாச் சத்தம். அப்பத்தான் புரிஞ்சுது, இது பறவையக் கூப்பிடுற ஆளு. இந்தத் தீவுல அவ்வளவு சரியா ஆலா மாதிரி கூப்பிடறது ஒருத்தன்தான். எமேயா குலத்துப் பிலேமோன். பறவைகிட்ட மட்டும் வாய் கிழியப் பேசுவான்.

எங்க பட்டுச்சு அந்தக் கல்லு? தோள்லயா? இத்தன வருஷம் கழிச்சு இப்பச் சொல்ற!

அதுக்கப்புறம் சனிக்கிழமை ஆனா, ஊரே பந்தாட்டம் பாக்க மைதானத்துக்குப் போகும், நான் இங்க வந்துடுவேன். நீயும் வந்துடுவ. நான் இந்தக் குழில, நீ அந்தக் குழில. நடுவுல ரெண்டாள் ஒசரத்துக்குக் கல்லு. ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்ததில்ல. ரோட்ல பாத்தா, என்னமோ தெரியாதவங்க மாதிரி நீ புருவத்தத் தூக்குவ, நான் புருவத்தத் தூக்குவேன், அவ்வளவுதான். இங்க வந்தா நான் என்னென்ன சொல்லிருக்கேன்! கூரை ஒழுகினது, என் காலு வீங்கினது, டாக்டர் சக்கரையக் குறைக்கச் சொன்னது, நான் குறைக்காதது. ஓபேத் ஆஸ்பத்திரில கடைசியாக் கேட்டது டின் மாட்டுக்கறிதான், என் பேர இல்லன்னு உன்கிட்டதான் சொன்னேன். எங்க அக்காகிட்டகூடச் சொல்லல. நீ கேட்டுட்டு கத்தியால கல்ல ஒரு தட்டு தட்டுவ. ஒரு தட்டுன்னா ஆமான்னு அர்த்தம். அடுத்தடுத்து தட்டினா போதும் நிறுத்து, பறவை வருதுன்னு அர்த்தம். தெரியாதா எனக்கு?

சிரிக்கிற. சிரிச்சா உனக்கு நல்லாத்தான் இருக்கு. இது தெரியாம போச்சு பாரு, கல்லு மறைச்சுது.

இரு, விஷயத்துக்கு வர்றேன். நான் யோசிச்சுப் பாத்தேன். மூணு வழி இருக்கு. மொத வழி, ஃபிஜிக்காரர் சொன்னபடி அவங்கவங்க குழிக்கு அவங்கவங்க போயிடறது. நான் உன் பக்கம், நீ என் பக்கம். நல்லதுதான். ஆனா என் எலுமிச்சைக்கு நீ தண்ணி ஊத்துவியா? அப்படிப் பாக்காத. ஊத்துவ, தெரியும். எனக்குக் காய்ச்சல் வந்து நான் வராத அந்தச் சனிக்கிழமை யாரு ஊத்துனாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அடுத்த வாரம் வந்து பாக்கறேன், ஒரு எலகூட வாடல. கல்லு உச்சில காஞ்ச ரத்தம், இந்த அகலத்துக்கு. வாளியோட அத ஏறித் தாண்டி வந்திருக்க, முழங்காலு கிழிஞ்சிருக்கு. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை சர்ச்சுல நீ நொண்டி நொண்டி நடந்தத நான் பாத்தேன். உன் தங்கச்சி கேட்டதுக்கு மீன் முள்ளு குத்திடுச்சுன்னியாம். முழங்கால்ல எந்த மீனுய்யா குத்தும்?

அன்னிக்கே உன்கிட்ட அதச் சொல்லணும்னு நெனச்சேன். வேற ஏதோ பேசிட்டேன். கோழி விலையப் பத்தின்னு நெனக்கிறேன்.

ரெண்டாவது வழி, ஒண்ணும் சொல்லாம இப்படியே விட்டுடறது. அதுக்குச் சமன் பண்றவங்க விடமாட்டாங்க. நாம வேணாம்னு சொல்லணும்னாலும், அவங்கவங்க குழிக்குத்தான் அவங்கவங்க சொல்லணும். உன் சொந்தக்காரங்க வேற ஆரம்பிச்சுட்டாங்க. எலுமிச்சை எங்க நிலத்துல நிக்குது, அதனால காயும் எங்களுதுன்னு உங்க பெரியம்மா மகன் சொன்னாராம். மரம் நட்டவங்களுக்கு, நிலம் நிலத்துக்காரங்களுக்குன்னு இங்க காலங்காலமா இருக்கே, அது அவருக்குத் தெரியாதாமா? வரட்டும் அவரு. ஒரு காய் தர்றேன், கடிச்சுப் பாக்கட்டும். அவரு மூஞ்சிய விட அது ஒண்ணும் புளிக்காது.

மூணாவது, மாத்திக்கிறது. உன் குழிய எனக்கு, என் குழிய உனக்கு. ஆனா என்னுதுன்னு நான் எதச் சொல்ல? இந்த ஒரு குழிக்கு எங்க குலத்துல பங்காளிங்க எத்தன பேருன்னு எண்ணினா கைவிரல் கால்விரல் எல்லாம் போதாது. பாதிப் பேரு இங்கயே இல்ல. மெல்போர்ன்ல ஒருத்தி இருக்கா, அவளுக்கு இங்க வர்ற அளவுக்குப் பங்கு இருக்கு, ஆனா நிக்கற அளவுக்கு இல்ல. ஒரு காலத் தூக்கிட்டுத்தான் நிக்கணும். அம்மா வழில வந்தது அம்மா வழிலதான் போகும். அத மாத்த நீயும் நானும் யாரு?

அப்ப மூணும் ஆகல. ம்.

இன்னொண்ணும் இருக்கு. சமன் பண்ண விட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா? அந்தப் பெரிய மிஷினு வந்து மொதல்ல எத ஒடைக்கும்? நடுவுல இருக்கிற கல்லத்தான். அத நொறுக்கி ரெண்டு குழியையும் ரொப்பிடுவாங்க. மேல மண்ணக் கொட்டுவாங்க. நல்லா தட்டையா, பந்தாடற மைதானம் மாதிரி. அப்புறம் நான் எங்க நின்னாலும் உனக்குத் தெரியும், நீ எங்க நின்னாலும் எனக்குத் தெரியும். மூஞ்சியப் பாத்துகிட்டு எப்படிப் பேசறது? ஓபேத் கடைசியாக் கேட்டது மாட்டுக்கறின்னு உன் மூஞ்சியப் பாத்துட்டு என்னால சொல்லிருக்க முடியுமா? நேத்து ராத்திரி பூரா அதுதான் எனக்குக் கவலையா இருந்துச்சு.

அதான் இன்னிக்கு உன்ன இங்க கூட்டிட்டு வந்து, கல்லுக்கு ஒரே பக்கத்துல உக்காரவச்சுப் பாக்கலாம்னு. முடியுதான்னு.

முடியுது போலத்தான் இருக்கு. இவ்வளவு நேரம் பேசிட்டனே. நீதான் கத்தி கைல இல்லாம என்ன பண்றதுன்னு தெரியாம காலப் பாத்துட்டு இருக்க.

இல்லய்யா, நிலத்துக்காக இல்ல. நான் ஒண்ணும் அறியாதவ இல்ல, எனக்கும் தெரியும், அப்படிப் பண்ணினாலும் உன் குழி உன் குலத்துது, என் குழி என் குலத்துது, ஒண்ணாகாது. நில ஆபீஸ்ல ஒரு கோடுகூட மாறாது. நாளைக்குக் காலைல அவங்க கேக்கறதுக்கு அது பதிலே இல்ல.

எப்படிப் பண்ணினாலும்னா? அட, சொல்லலையா நான்? எல்லாத்தையும் சொல்லிட்டு அத விட்டுட்டனா?

கல்யாணம்தான். வேற என்ன. உன் குலம் வேற, என் குலம் வேற, ஒரு தடையும் இல்ல. உன் பொண்டாட்டி தெரீசியா போய் நாளாச்சு. நல்ல பொம்பளை, எனக்குப் பிடிக்கும். எங்க வீட்ல நான் ரேடியோ, அவரு ரிப்பேர் ஆன ரேடியோன்னு எல்லார்கிட்டயும் சொல்லும். எனக்கும் யாரும் இல்ல. எலுமிச்சை உன் குழில இருந்தா என்ன, நீ என் வீட்ல இருக்கப்ப. அவங்க கல்ல ஒடச்சாலும் சரி, ஒடைக்காட்டாலும் சரி, நாளைக்கு ரெண்டு பேரும் போய் உங்க இஷ்டம்னு சொல்லிட்டு வந்துடலாம்.

பயப்படாத, நான் எடுத்தோம் கவுத்தோம்னு வரல. முறைப்படி காலைல உன் தங்கச்சிகிட்டப் போய்க் கேட்டுட்டேன். அம்மா வழில உங்க வீட்டுக்கு இப்ப அவதானே பெரிய ஆளு. அவ துணி காயப்போட்டுட்டு இருந்தா. கிளிப்ப வாய்ல வச்சுகிட்டே சிரிச்சா. அப்புறம் உக்காந்துட்டா. கொஞ்சம் அழுதான்னு நெனக்கிறேன், வெயில்ல சரியாத் தெரியல. எங்கண்ணன் வாயத் தொறந்து கேப்பான்னு நீ காத்திருந்தா உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல சாவு வந்துடும், நீயே போய்க் கேட்டுடுன்னா. நான் கேக்கறேன், ஆனா அவன் பதில் சொல்ற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.

ஆனா உன்ன ஏத்திக்க வர்றப்ப பாக்கறேன், உங்க வீட்டுப் பின்னாடி பன்னி கத்துது. அவ மகனுங்க ரெண்டு பேரும் வெறகு பொளக்கறானுங்க. சிரிலா தட்டுகள அடுக்கி வண்டில ஏத்திட்டு வர்றா, அவளுக்கு யாரு சொன்னாங்களோ. பாஸ்டர் வேற வாசல்ல செருப்பக் கழட்டிட்டு இருந்தாரு. எமேயா குலத்துல பாதிப்பேரு மாமரத்தடில பாய விரிச்சு உக்காந்துட்டாங்க. நீ ஹெல்மெட்ட மாட்டிட்டு எதையும் கவனிக்காம என் பின்னாடி ஏறிட்ட. உன்ன மாதிரி ஒரு ஆளு இந்தத் தீவுலயே கிடையாதுய்யா. உன் கல்யாணத்துக்குக் கூடின கூட்டத்துக்குப் புருவத்தத் தூக்கிட்டு வர்ற.

அதனால நீ வேணாம்னு சொன்னாலும் பரவாயில்ல. தாராளமாச் சொல்லு. நான் அழமாட்டேன். பன்னிக்குத்தான் வருத்தம். நல்லா யோசிச்சு, இப்ப இல்லாட்டி இன்னொரு நாள் …

என்ன?

இல்ல, கேட்டுச்சு. கேட்டுச்சு, இன்னொரு வாட்டி சொல்லு.

நீயும் என்னக் கேக்கணும்னு இருந்தியா? எப்பலேர்ந்து?

மொத சனிக்கிழமைலேர்ந்தா? கல்லு தோள்ல பட்டப்பவா?

இரு. இரு, எனக்கு … என்ன பேசறதுன்னு தெரியல. இப்படி ஆனதே இல்ல. நீ பேசு. பறவை வந்தா வந்துட்டுப் போகட்டும். ம். சொல்லு, கேட்டுட்டுத்தான் இருக்கேன்.